வானம் மொத்தமும் நடந்த ஐந்து வாரம்

நேற்று உங்கள் அலுவலகத்தில் எத்தனை தாள்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு, சரக்கு வந்து சேர்ந்த சீட்டு, தீயணைப்புக் கருவி சோதிக்கப்பட்டது என்று சுவரில் தொங்கும் அட்டை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போட்ட அந்தக் கையெழுத்துகளில் ஒன்று உங்கள் வாழ்நாள் உழைப்பை விழுங்கிவிடும் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பெண்ணுக்கு மூன்று கையெழுத்துகள் அதைச் செய்தன. வானொலி அலைகளைக் கொண்டு வானத்தை ஆராயும் நிலையம் இங்கே தொடங்கிய முதல் ஆண்டிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அதுவரை யாரும் காணாத ஒன்றை வானத்தில் கண்டவர். எட்டு மாதங்களுக்கு முன், பண்டகசாலையின் ஓய்வுபெற்ற எழுத்தர் என்ற அடையாளத்தோடு இறந்துபோனார்.

நிலையத்தில் எல்லோரும் அவரைச் சுருளக்கா என்றார்கள். அவரைவிட இருபது வயது மூத்த தோட்டக்காரருக்கும் அவர் சுருளக்காதான். காரணம், அவர் கையில் எப்போதும் ஒரு காகிதச் சுருள் இருந்தது.

அந்தச் சுருள் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். தொலைநோக்கி என்றதும் குழாயும் கண்ணாடியும் இருட்டும் நினைவுக்கு வரும். இந்த நிலையத்தில் மூன்றும் கிடையாது. புல்வெளியில் நானூறு மரக்கம்பங்கள். அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிகள். துணி காயப்போடும் கொடி என்றே வெளியாள் நினைப்பான். வானத்தில் ஒளியை உமிழ்கிற பொருள்களைப் போலவே வானொலி அலைகளை உமிழ்கிற பொருள்களும் உண்டு. சூரியன் சுட்டெரிக்கும் நண்பகலிலும் அந்த அலைகள் வந்துகொண்டிருக்கும். கம்பிகள் அசைவதில்லை. பூமி சுழல்வதால் வானம்தான் அவற்றுக்கு மேலே கடந்து போகிறது. அப்படி ஒரு பொருள் நேர் மேலே வரும்போது, புல்வெளியின் நடுவிலிருந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு பேனா மெல்ல ஏறி, இருபது நிமிடங்களில் மெல்ல இறங்கும். நகரும் காகிதத்தில் ஊதா மையில் ஒரு மேடு. அவ்வளவுதான். ஒரு நாளுக்கு ஏழு மீட்டர் காகிதம். அதை வரிவரியாக வாசித்து, எந்த மேடு வானத்தைச் சேர்ந்தது, எது பக்கத்துத் தெரு மோட்டார் சைக்கிளைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது சுருளக்காவின் வேலை.

வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவரின் மகள் அவர். கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தார். அதே பட்டத்தை அவரைவிடக் குறைந்த மதிப்பெண்ணில் வாங்கிய அண்ணன் கல்லூரியில் விரிவுரையாளரானார். தங்கைக்குக் கிடைத்தது ‘அளவெடுக்கும் உதவியாளர்’ வேலை. உலகத்தின் பல ஆய்வு நிலையங்களில் இப்படி ஓர் அறை இருந்திருக்கிறது: நீளமான மேசை, குனிந்த தலைகள், எல்லாம் பெண்கள். பொறுமை பெண்களின் இயல்பு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பொறுமைக்குத் தனியாகப் பதவி உயர்வு கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பதினோரு ஆண்டுகளில் சுருளக்கா அந்தக் காகிதத்தை முகம் பார்ப்பதுபோல் பார்க்கப் பழகியிருந்தார். முடிதிருத்துபவரின் மின்கத்தரி வரைந்தால் நெல்மணி மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். இடி மின்னல் என்றால் ஒற்றை ஈட்டி. நிலையத்தின் பின்சுவரை ஒட்டியிருந்த வெல்டிங் பட்டறை வரைவது சீப்பு. பல் பல்லாக, நெருக்கமாக, சில நாள் பேனாவே தாளைக் கிழித்துவிடும். “இன்னைக்கு வெல்டருக்கு உடம்பு சரியில்லபோல, பதினொன்னுக்குத்தான் ஆரம்பிச்சிருக்கார்” என்று மேசையிலிருந்தபடியே சொல்வார். விசாரித்தால் சரியாக இருக்கும்.

அவருடைய கணவர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக, வலமிடம் மாறி வாசிக்கிற தொழில். “நான் திருப்பிப் போட்ட எழுத்தை வாசிக்கிறவன். இவ எழுத்தே இல்லாததை வாசிக்கிறவ. எங்க வீட்ல ஒழுங்கா வாசிக்கத் தெரிஞ்ச ஆளே கிடையாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் மகள் பாதி நாள் அங்கேதான் வளர்ந்தாள். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவள் வாயிலிருந்தும், சுருளக்கா விட்டுப்போன குறிப்பேட்டிலிருந்தும் கிடைத்தது.

அக்கம்பக்கத்தாருக்கு நிலையம் என்றால் ஜோசியக் கடை. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் படியேறி வந்து, “நட்சத்திரம் பாக்கிற ஆபீஸ்லதானேம்மா இருக்க. என் பொண்ணுக்கு நல்ல நேரம் எப்போன்னு பாத்துச் சொல்லேன்” என்றார்.

“பகல் ஒரு மணியிலிருந்து ரெண்டு வரைக்கும்க்கா” என்றார் சுருளக்கா. “வெல்டர் சாப்பிடப் போயிடுவார். அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

முப்பத்து நான்காவது வயதில், ஒரு வார நாளில், அந்த மேடு அவர் கண்ணில் பட்டது. நிலையத்தின் பட்டியலில் எந்தப் பொருளும் இல்லாத இடம். விரல்கடை உயரம். மறுநாள் அதே இடத்தில் அதில் பாதி. அதற்கடுத்த நாள் இரண்டு மடங்கு. வானத்துப் பொருள்கள் இப்படி நாளுக்கு நாள் கூடிக் குறையும் என்று அன்று யாரும் அங்கே எண்ணியதில்லை. யாரோ பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓட்டுகிறார்கள் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். பட்டறைக்கே நடந்து போனார்.

வெல்டர் அப்போது முப்பது வயது ஆள். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “என்னக்கா, இந்தப் பக்கம்? கேட் ஏதாவது உடைஞ்சிடுச்சா?” என்றார்.

“கேட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை நீங்க எப்போ வேலை ஆரம்பிச்சீங்க?”

“செவ்வாய்க்கிழமை பட்டறையே திறக்கலையே. மச்சான் வீடு மாத்தினான், சாமான் தூக்கப் போயிட்டேன். ஏன், நான் இல்லாதப்ப என் மிஷின் தானா ஓடிச்சா?”

“இல்லண்ணே. நீங்க இல்லாதப்பவும் ஒண்ணு வந்திருக்கு. அதான் கேட்டேன்.”

அன்றைக்கே திரும்பி வந்து, செவ்வாய்க்கிழமைச் சுருளை மறுபடி விரித்தார். நாள் முழுதும் சீப்பு இல்லை. மேடு மட்டும் தனியாக, துடைத்துவைத்ததுபோல் நின்றது. அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: “பட்டறை பூட்டு. ஆனாலும் வந்தது. இது மேலேயிருந்து.” கீழே தேதி, தன் சுருக்கொப்பம். குறிப்பேட்டிலும் இதைப் படியெடுத்து வைத்திருக்கிறார்.

இயக்குநரிடம் போனார். இயக்குநர் வெளிநாட்டில் படித்தவர். முட்டாள் இல்லை. கடுமையானவரும் இல்லை, மேசையிலிருந்த கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு உட்காரச் சொன்னார். “பட்டறையாத்தான் இருக்கும். இருந்தாலும் ஆறு வாரம் பாருங்க. நட்சத்திரக் கடிகாரப்படி நேரம் மாறாம வந்தா வானம். மாறினா பூமி” என்றார். சரியான சோதனை. அதோடு இன்னொன்றும் சொன்னார்: “கண்காணிப்பாளர் வேலை ஒண்ணு காலியாகுது. விண்ணப்பம் போடுங்க. இது நிஜம்னா நேர்காணல்ல இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம்.” கண்காணிப்பாளர் என்றால் நிலையத்தின் ஆய்வாளர்களில் ஒருவர். கட்டுரையில் பெயர் வரும். எந்தப் பெண்ணும் அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சுருளக்கா அன்றே விண்ணப்பம் போட்டார்.

இனி அந்தக் கடிகாரம். கொட்டகைக்குள் இரண்டு கடிகாரங்கள் அருகருகே இருந்தன. ஒன்று நம் எல்லோர் வீட்டிலும் ஓடுவது. இன்னொன்று நட்சத்திரக் கடிகாரம். சூரியனைவிட நட்சத்திரங்கள் நாளுக்குச் சுமார் நான்கு நிமிடம் முந்தி வருவதால், அதற்கேற்ப நாளுக்கு நான்கு நிமிடம் வேகமாக ஓடும்படி செய்தது. பேனாவுக்குப் பக்கத்தில் மணிக்கொரு முறை சின்னக் கோடு போடுவது அதுதான். அந்தக் கடிகாரப்படி வானத்துப் பொருள் தினமும் ஒரே நேரத்துக்கு வரும். பட்டறை தினமும் நான்கு நிமிடம் பிந்தும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, சுருளக்கா கொட்டகைக்கு நடந்துபோய் அதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு ஆண்டுகளில் அது ஒரு விநாடிகூடத் தவறியதில்லை.

இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டும் நாள் ஆண்டில் அரிதாகத்தான் வரும். புதிதாக மாற்றலாகி வந்த நிர்வாக அதிகாரி, கெட்ட காலம், அப்படிப்பட்ட ஒரு நாளில் கொட்டகையைப் பார்வையிட்டார். கெட்ட காலம் என்று எழுதியது பேச்சுக்காக. காலத்தில் கெட்டது நல்லது கிடையாது. அந்த அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. காலையில் வாசலில் நின்றுகொண்டு, ஐந்து நிமிடம் தாமதமாக வருகிறவர்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். அன்று இரண்டும் ஒத்திருந்ததைப் பார்த்துத் திருப்தியோடு போனார். ஒரு வாரம் கழித்து வந்தபோது ஒன்று அரைமணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. காவலரைக் கூப்பிட்டார்.

“ஆராய்ச்சி நிலையமாம். ஒரு கடிகாரத்தை ஒழுங்கா வெக்கத் துப்பில்ல. தினமும் காலைல வந்ததும் இதைச் சரி பண்ணிடு. யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்காதே.”

காவலர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். சொன்னதைச் செய்கிறவர். மறுநாளிலிருந்து ஐந்து வாரம், ஒரு நாள் தவறாமல், தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்து, முள்ளைத் திருப்பி, பக்கத்துக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு வைத்தார். இவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்ட தவறு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

அதே ஐந்து வாரம்தான் சுருளக்காவின் கணவர் வயிற்றில் அறுவை செய்துகொண்டு மருத்துவமனையில் கிடந்தார். சுருளக்கா காலையில் நிலையத்தில் தலையைக் காட்டிவிட்டு அங்கே ஓடுவார். சுருள்கள் வாசிக்கப்படாமல் அடுக்கில் சேர்ந்தன. முதல் திங்கட்கிழமை கொட்டகைக்குப் போகப் புறப்பட்டவரை வாசலில் நிறுத்தியது அந்தக் காவலர்தான். பதிவேட்டைக் கையில் எடுத்தே வந்திருந்தார்.

“அவ்வளவு தூரம் எதுக்கும்மா அலையறீங்க? வீட்டுக்காரர் அங்க தனியா கிடப்பார். கடிகாரம் கச்சிதமா ஓடுது. நான்தான் தினம் பாத்துக்கறேன்ல?”

சுருளக்கா கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி. அதற்கும் இரண்டு வாரம் கழித்து மறுபடி.

இந்த இடத்தை மூடி மறைக்கப் போவதில்லை. இறந்துபோனவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருக்கு நடந்ததை யாரும் ஆராய வேண்டியிருக்காது, விளக்கேற்றிவிட்டுப் போய்விடலாம். அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அது தவறு. அந்தத் தவறின் அளவு என்ன, அவர் பட்ட தண்டனையின் அளவு என்ன என்பதுதான் கேள்வி.

கணவர் பிழைத்து வீடு திரும்பினார். சுருளக்கா வேலைக்கு வந்த அன்று இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். நேர்காணல் நெருங்கியதால் அவரே அந்தச் சுருள்களை எடுத்து, அந்த ஒரு மேட்டை மட்டும் அளவுகோலால் அளந்திருந்தார். கோப்பில் எழுதியும் வைத்திருந்தார்: “பூமியைச் சேர்ந்தது. நீக்கவும்.”

“பாத்தீங்களா, மேடு நேரம் மாறி நடக்குது. நாளுக்கு நாலு நிமிஷம். உங்க நண்பரோட பட்டறைதான்.”

“பட்டறைன்னா பின்னால போகணும் சார். இது முன்னால வருது.”

“முன்னால வந்தா என்ன, பின்னால போனா என்ன? நிக்கலையே.”

“நாளுக்கு நாலு நிமிஷம் முன்னால வர்ற மிஷின் பூமியில எது சார்?”

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சுருளக்கா ஐந்து வாரச் சுருள்களையும் வாங்கிக்கொண்டு போய், நீண்ட தாழ்வாரத்தில் தரையில் விரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முட்டி போட்டுக்கொண்டு அளந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். இயக்குநர் ஒரு மேட்டை அளந்தார்; சுருளக்கா எல்லா மேடுகளையும் அளந்தார். எல்லோருக்கும் தெரிந்த, பத்து ஆண்டுகளாகப் பட்டியலில் இருக்கும் பெரிய பொருள்களையும். இரண்டு நாள் அப்படியே. மூன்றாம் நாள் காலை, மையும் தூசியுமான சேலையோடு இயக்குநர் அறைக்குள் போனார்.

“என் மேடு மட்டும் நடக்கல சார். வானம் மொத்தமும் நடந்திருக்கு. அஞ்சு வாரத்துல ரெண்டேகால் மணி நேரம். நின்ன இடத்துல நிக்கறது வெல்டிங் பட்டறை ஒண்ணுதான்.”

இயக்குநர் அளவுக் குறிப்பை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். பிறகு, “கடிகாரம்” என்றார்.

இருவருமே கொட்டகைக்கு நடந்தார்கள். காவலர் பெருமையோடு எழுந்து நின்றார். “சரியா இருக்கு சார். நான் ஒரு நாள்கூட விடல. இது ஒரு திருட்டுக் கடிகாரம், நாளுக்கு நாலு நிமிஷம் ஓடிடும். நான் விடறதில்ல.”

தினமும் எந்த நேரத்தில் முள் திருப்பப்பட்டது என்பது சுருளிலேயே ஒரு சின்னத் துள்ளலாகப் பதிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சுருளக்கா ஒன்பது நாள் உட்கார்ந்து, முப்பத்தைந்து நாட்களுக்கும் தனித்தனியாகத் திருத்தம் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம். மடக்கை அட்டவணை, பென்சில், அழிப்பான். ஒன்பதாம் நாள் எல்லா மேடுகளும் தத்தம் இடத்துக்குத் திரும்பின. அவர் கண்டதும் முப்பத்தைந்து நாளும் ஒரே நேரத்துக்கு வந்திருந்தது. கூடிக் குறைந்துகொண்டே, ஆனால் ஒரே இடத்தில். வானத்தில்.

இதோடு கதை முடிந்திருந்தால் இயக்குநரின் பெயரைத் தாங்கி நிற்கும் நிலைய மண்டபத்துக்கு இன்று வேறு பெயர் இருக்கும்.

கடிகாரத்தைத் தொட்டது யார் என்று விசாரணை வந்தது. ‘அஞ்சு நிமிஷம்’ கை விரித்தார். “நான் சொன்னேனா? எங்க எழுதியிருக்கு?” எழுத்தில் இல்லை. காவலரை வேலையிலிருந்து நீக்கக் கடிதம் தயாரானது. அவர் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “நான் சொன்னதைத்தானேம்மா செஞ்சேன்? துடைச்சுத் துடைச்சு வெச்சேனே?” என்று சுருளக்காவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளே போன சுருளக்கா சொன்னார்: “அவருக்கு அது என்ன கடிகாரம்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்குத் தெரியும். போய்ப் பாத்திருந்தா முதல் திங்கட்கிழமையே தெரிஞ்சிருக்கும். மூணு தடவை பாக்காம கையெழுத்துப் போட்டேன். அவரை அனுப்பாதீங்க.”

காவலரை அனுப்பவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு தலை வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. சுருளக்காமீது ஒழுங்கு நடவடிக்கை. கண்காணிப்பாளர் விண்ணப்பம் நிராகரிப்பு. பண்டகசாலைக்கு மாற்றல். உத்தரவு போட்டவருக்கு ஒரு வரிகூடக் கண்டனம் இல்லை. இரண்டு ஆண்டில் பதவி உயர்ந்து போனார்.

ஆறு மாதத்தில் இயக்குநரின் கட்டுரை வெளிவந்தது. கூடிக் குறையும் அந்தப் பொருளைப் பற்றி உலகம் பேசியது. சுருளக்கா ஒரே ஒருமுறை அவர் அறைக்குப் போய்க் கேட்டார். இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டதாகத்தான் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். “நடவடிக்கையில இருக்கிறவங்க பேரை எப்படிம்மா போடறது? பத்திரிகைக்காரன் கேட்டா நான் என்ன சொல்வேன்? கொஞ்ச நாள் போகட்டும்” என்றாராம். கட்டுரையின் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: “அளவெடுப்பில் கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள் திருத்தப்பட்டன.” கவனக்குறைவு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே வாக்கியத்தில் ஒருவரை இரண்டு முறை கொள்ளையடிக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கொஞ்ச நாள் போனது. இருபத்து நான்கு ஆண்டுகள் போயின. பண்டகசாலையில் சுருளக்கா கண்காணிப்பாளர்களுக்கு ஊதா மையும் பேனா முனையும் புதுச் சுருள்களும் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் எழுதாத சுருள்கள். நாளடைவில் பண்டகசாலைக்கு வந்த இளைஞர்களுக்கு, சுருளக்கா என்ற பெயர் அவர் சுருள் எடுத்துக் கொடுப்பதால் வந்தது என்றே நினைப்பு. அவரும் திருத்தவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இயக்குநருக்குப் பெரிய விருது கிடைத்தது. தொலைக்காட்சியில் பேசினார். ஒருநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டே சுருளைப் பார்த்தபோது அந்த மேடு தன் கண்ணில் பட்டதாகச் சொன்னார். அண்ணன் மகள் கொதித்துப் போனாள்.

“அத்தை, இவ்வளவு பொய் சொல்றார், நீங்க பாட்டுக்குத் துணி மடிக்கிறீங்க. அன்னைக்கே ஏன் பேசல?”

“பேசினா அவங்க வாட்ச்மேனை அனுப்பிட்டிருப்பாங்க.”

“சரி. அவர் செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சே. அதுக்கப்புறம்?”

சுருளக்கா போர்வையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றார். “அப்புறம் பழகிடுச்சுடி” என்றார்.

இந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு எளிதாகத் தாண்டிப் போய்விட முடியாது. தண்டனை போதாதென்று அதைப் பழக்கமாகவும் ஆக்கிவிடுகிறார்கள். கணவர் போனபின் தனி வீட்டில், மாலை நேரங்களில், வானொலிப் பெட்டியின் முள்ளை ஒலிபரப்பு நிலையங்களுக்கு நடுவே வைத்துவிட்டு அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அண்ணன் மகள் சொன்னாள். “பாட்டு வைக்கட்டுமா அத்தை?” என்றால் வேண்டாம் என்பாராம்.

எழுபத்தொன்பதாவது வயதில் நுரையீரல் நோயில் போனார். சாவுக்கு வந்த உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னது: “என்ன பண்றது, அவ தலையெழுத்து.” விதிக்குக் கோப்பு எண் கிடையாது. இதற்கு உண்டு. தேதி உண்டு, முத்திரை உண்டு, கீழே கையொப்பம் உண்டு. மனிதர்கள் எழுதியதை மனிதர்களே திருத்தலாம். பழியைத் தலையெழுத்தின்மேல் போட்டுவிட்டால் யாரும் திருத்த வேண்டியதில்லை.

இப்போது நிலையம் தன் வரலாற்றை நூலாக அச்சிடப் போகிறது. அண்ணன் மகள் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். குறிப்பேட்டின் படியையும் அனுப்பினாள். பதில் வந்தது, மரியாதையான பதில்தான். குறிப்பேடு பின்னால் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். அலுவலகப் பதிவில் ஆதாரம் இருந்தால் அனுப்பவும். அச்சுக்குப் போகுமுன் பரிசீலிக்கப்படும். அலுவலகப் பதிவு என்றால் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சுருள். பென்சில் வரிகளும், தேதியும், சுருக்கொப்பமும் உள்ள சுருள். இயக்குநர் அந்த மேட்டைப் பார்ப்பதற்கு முந்தைய சுருள்.

அது நிலவறையில் இருக்கிறது. ஆயிரத்து நூறு சுருள்களோடு கலந்து இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே தண்ணீர் புகுந்து, வெளியே ஒட்டியிருந்த சீட்டுகள் உரிந்து போய்விட்டன. எது எந்த ஆண்டு என்று விரித்துப் பார்க்காமல் தெரியாது. இந்த மாதக் கடைசியில் நிலவறையைக் காலி செய்து காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்புகிறார்கள். நிலையத்தில் கேட்டால், தேட ஆள் இல்லை என்கிறார்கள். தேடுகிறவர்களைத் தடுக்கவும் இல்லை.

மூன்று சனிக்கிழமைகளாக அண்ணன் மகள் தேடுகிறாள். துணைக்கு வெல்டர் வருகிறார். அவருக்கு இப்போது எழுபத்தைந்து. நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. பென்சில் எழுத்து தெரியாது. ஆனால் அழுத்தமான ஊதா மை தெரிகிறது. முதல் சுருளை விரித்ததும் அந்தச் சீப்பைப் பார்த்துவிட்டார். விரலால் தடவிப் பார்த்தார்.

“இது நான்தானேம்மா?”

“நீங்கதான் பெரியப்பா.”

“பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினவன் இல்ல நான். உங்க அத்தை ஆபீஸ்ல இத்தனை தாள் எழுதியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.” அடுத்த சீப்புக்கு விரலை நகர்த்தி, “அக்கா இதையெல்லாம் உக்காந்து வாசிச்சுதா? நான் வராத நாளை நினைவு வெச்சிருந்துச்சா?” என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

இருநூற்றுப் பன்னிரண்டு சுருள்கள் முடிந்திருக்கின்றன. கிடைக்கவில்லை. இருவரால் முடியாது. மீதி எண்ணூற்றுச் சொச்சத்தில் அது கூழாகிவிட்டால், நூலில் தேநீர்க் கதைதான் அச்சாகும். உங்கள் பிள்ளைகள் அதைத்தான் படிப்பார்கள்.

அதனால் கேட்கிறேன்: வாருங்கள். இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு நிலையத்தின் பின்வாசல் திறந்திருக்கும். அங்கே இப்போது இருக்கும் காவலரிடம் சுருள் தேட வந்தோம் என்று சொன்னால் நிலவறைக்கு வழி காட்டுவார். வானியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைவிளக்கும், தும்மல் வருகிறவர்கள் மூக்கைக் கட்ட ஒரு துணியும் எடுத்து வாருங்கள். ஒரு சுருளில் இரண்டு நாள் இருக்கும். மெல்ல விரியுங்கள், ஓரங்கள் பொடிகின்றன. பெரும்பாலான நாட்களில் காலையிலிருந்து மாலைவரை சீப்புப் பல் நெருங்கிக் கிடக்கும். ஒரு நாள் முழுதும் அது இல்லாத சுருள் கையில் கிடைத்தால் நிறுத்துங்கள். மடிக்காதீர்கள். விளக்கை ஓரத்தில் சாய்த்துப் பிடித்துப் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரக்கக் கூப்பிடுங்கள்.